சன்ஃப்ளவர் கவுண்டியின் இரண்டு பேர்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

அமெரிக்காவில் ஊடகமும் தேர்தலும் சட்டமன்றமும் எப்படி இயங்குகின்றன என்று பேசச் சொன்னார்கள். எம்.ஏ. படிக்கும்போது இதே விஷயத்துக்குப் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. மூன்று அதிகாரங்கள், ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும். பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி, செனட் மாநிலத்துக்கு இரண்டு பேர். பத்திரிகை நான்காவது தூண். மனப்பாடம் செய்து எழுதினேன், பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். அந்த விடையில் கறுப்பர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்திய நாடாளுமன்றத்தைச் சாதி என்ற சொல்லே வராமல் விளக்குவது போன்றது அது. அப்படியும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது வேறு கதை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் விடுதியில் என் அறைக்குப் பக்கத்து அறைத் தம்பி ஒருவர் சொன்னார்: "ஓட்டுப் போட்டு என்ன கிழிச்சோம்? ஒரு வீடியோ வைரல் ஆனா போலீஸ் ஓடி வருது. அதான் இப்ப ஓட்டு." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் சன்ஃப்ளவர் கவுண்டி என்று ஓர் இடம். பெயரில் சூரியகாந்தி, விளைவது பருத்தி. கவுண்டி என்பதை நம் மாவட்டத்துக்குக் கீழே, தாலுகாவுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்களில் பெரும்பான்மை கறுப்பர்கள், நிலம் முழுக்க வெள்ளையர் கையில். அங்கே ரூல்வில் என்ற சிற்றூரில் ஃபேனி லூ ஹேமர் இருந்தார். 1917இல் பிறந்தவர், வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். அங்கிருந்து சில மைல் தள்ளி டாட்ஸ்வில்லில் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் பண்ணை. ஆயிரக்கணக்கான ஏக்கர். ஈஸ்ட்லாண்ட் பண்ணையார் மட்டுமல்ல, அமெரிக்க செனட்டர். 1956 முதல் 1978 வரை செனட்டின் நீதித்துறைக் கமிட்டிக்குத் தலைவர். குடியுரிமைச் சட்ட மசோதா எதுவானாலும் அந்தக் கமிட்டிக்குத்தான் போகும். மத்திய நீதிபதிகளாக யாரைப் போட்டாலும் அந்தக் கமிட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பருத்தி எடுத்தவரும் பண்ணையாரும் ஒரே கவுண்டி. அமெரிக்க அரசு எப்படி இயங்குகிறது என்று கேட்டால், இவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடலாம். கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள், மெல்ல மெல்ல முன்னேறினார்கள், கடைசியில் ஓட்டு வாங்கினார்கள் என்று ஏணி மாதிரி ஒரு கதை நம் மனதில் இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870இலேயே மிசிசிப்பி ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பரை செனட்டுக்கு அனுப்பியது. 1875இல் பிளான்ச் புரூஸ் போனார். அவர் அடிமையாகப் பிறந்தவர். புரூஸின் பதவிக்காலம் 1881இல் முடிந்த பிறகு செனட்டில் இன்னொரு கறுப்பர் வந்து உட்கார 1967 வரை ஆனது. ஆக, கதவு திறந்திருந்தது. அதைத் திட்டம் போட்டு மூடினார்கள்.

மூடிய விதம்தான் கவனிக்க வேண்டியது. அமெரிக்க அரசமைப்பின் 15ஆவது திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்கிறது. அதனால் 1890இல் மிசிசிப்பி எழுதிய புதிய மாநில அரசமைப்பில் நிறம் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஓட்டுப் போட வருஷத்துக்கு இரண்டு டாலர் வரி கட்ட வேண்டும். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொண்டு விளக்க வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர். அவர் வெள்ளையர். அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் சாதி தெரியாது, அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹேமரும் இன்னும் பதினேழு பேரும் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியானோலாவுக்குப் போனார்கள், பட்டியலில் பெயர் சேர்க்க. ஓட்டுரிமை என்று ஒன்று தனக்கு இருக்கிறது என்பதே அந்த மாதம்தான் ஹேமருக்குத் தெரியும். அப்போது அவருக்கு 44 வயது. தேர்வில் அவருக்கு வந்த கேள்வி, சட்டப்படி இல்லாமல் நடைமுறையில் மட்டும் செல்லுபடியாகும் சட்டங்களைப் பற்றியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் தலையைச் சொறிகிற கேள்வி. தோற்றார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து டிரைவருக்கு அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் மஞ்சள் நிறம் சரியில்லையாம். வீட்டுக்கு வந்தால் பண்ணை முதலாளிக்குச் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் கிளம்பு என்றார். பதினெட்டு வருஷம் வேலை செய்த இடத்தை விட்டு அன்று இரவே வெளியேறினார்.

முதலாளிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். சிற்றூர், வாய்வழியாகத் தெரிந்திருக்கும். ஆனால் வாயை மட்டும் நம்பக்கூடாது என்று மிசிசிப்பி அதே 1962இல் ஒரு சட்டம் போட்டது: வாக்காளராகப் பதிய விண்ணப்பிப்பவரின் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். பார்ப்பதற்கு வெளிப்படைத்தன்மை. பயன் என்ன? கடனுக்கு மளிகை தரும் கடைக்காரர், வீட்டுக்காரர், பண்ணையார், துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பட்டியலைப் படிக்கலாம். பத்திரிகை நான்காவது தூண் என்று எழுதிய என் பழைய விடைத்தாள் இந்த இடத்தில்தான் நினைவுக்கு வரும்.

ஹேமர் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய், 1963 ஜனவரியில் பட்டியலில் ஏறிவிட்டார். தேர்தல் நாளன்று போனால், இரண்டு வருஷ வரி ரசீது எங்கே என்றார்கள்.

தெற்கில் இன்னொரு பூட்டும் இருந்தது, வெள்ளையர் பிரைமரி. பிரைமரி என்பது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. அதன் வேட்பாளர் என்றால் வெற்றி உறுதி. ஆகவே உண்மையான தேர்தல் பிரைமரிதான், அதில் வெள்ளையர் மட்டும் ஓட்டுப் போடலாம். கட்சி என்பது தனியார் சங்கம், உறுப்பினர் யார் என்பது சங்கத்தின் இஷ்டம் என்று வாதாடினார்கள். டெக்சாஸின் ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். 1944இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாது என்றது. பூனா ஒப்பந்தம் படித்தவர்களுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். அதிலும் ஒரு முதற்கட்டத் தேர்தல் உண்டு: ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைப் பொதுவில் எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள். டெக்சாஸில் முதல் சாவி பெரும்பான்மையிடம், இங்கே கடைசிச் சாவி பெரும்பான்மையிடம்.

சரி, இத்தனை பேரை வெளியே நிறுத்தியதால் ஈஸ்ட்லாண்டுக்கு என்ன கிடைத்தது? உள்ளூர் அதிகாரம் மட்டும் என்று நினைத்தால் தப்பு. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் என் ஆய்வில் எனக்கே பிடிபடப் பல மாதம் ஆன இடம் இது.

அமெரிக்கக் காங்கிரஸில் மசோதா நேராக ஓட்டெடுப்புக்கு வராது. கமிட்டிக்குப் போகும். கமிட்டித் தலைவர் கூட்டமே போடாவிட்டால் மசோதா அங்கேயே செத்துப்போகும். தலைவர் யார்? அந்தக் காலத்தில் ஆளுங்கட்சியில் அந்தக் கமிட்டியில் அதிக வருஷம் இருந்தவர். திறமை, கொள்கை எதுவும் கணக்கில்லை, பணிமூப்புதான். அதிக வருஷம் யார் இருப்பார்? போட்டியே இல்லாத தொகுதிக்காரர். போட்டி இல்லாத தொகுதி எது? எதிர்த்து ஓட்டுப் போடக்கூடியவர்களையெல்லாம் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கும் தொகுதி. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ ஓர் உறுப்பினர் ஜெயிப்பார், தோற்பார், மறுபடி வருவார். மிசிசிப்பிக்காரர் ஜெயித்துக்கொண்டே இருப்பார். இருபது வருஷம் கழித்து நாடு முழுவதற்குமான சட்டத்தின் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

இண்டியானோலாவில் ஒரு குமாஸ்தா ஹேமரின் விண்ணப்பத்தில் 'தோல்வி' என்று எழுதியதும், வாஷிங்டனில் ஈஸ்ட்லாண்ட் மசோதாவை மேசைக்குள் போட்டுப் பூட்டியதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். குடியுரிமை மசோதாக்களைப் போட்டு வைக்கவே கால்சட்டையில் தனிப் பை தைத்திருப்பதாக அந்த ஆள் பெருமை பேசியவர். பிரதிநிதிகள் சபையில் ஹோவர்ட் ஸ்மித் என்று ஒருவர், வர்ஜீனியாக்காரர், விதிகள் கமிட்டியின் தலைவர். சபைக்கு எந்த மசோதா எப்போது வரும் என்று முடிவு செய்வது அந்தக் கமிட்டி. 1957இல் குடியுரிமை மசோதா வந்ததும் ஸ்மித் ஊரில் கொட்டகை எரிந்துவிட்டது, பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். தலைவர் இல்லை, கூட்டம் இல்லை. மசோதாவைத் தடுக்க மனுஷன் கொட்டகைக்கு நெருப்பும் வைப்பார் போலிருக்கிறதே என்று சபைத் தலைவரே கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

கமிட்டியைத் தாண்டினால் செனட்டில் ஃபிலிபஸ்டர். செனட்டில் பேச்சுக்கு நேர வரம்பு இல்லை. பேச்சு முடியாமல் ஓட்டெடுப்பு இல்லை. பேச்சை முடித்து வைக்க 1917இல் ஒரு விதி வந்தது, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1975இல் அதை 60 பேர் என்று குறைத்தார்கள். பாடப்புத்தகத்தில் இதைச் சிறுபான்மைக் கருத்துக்கான பாதுகாப்பு என்று போட்டிருக்கும். எந்தச் சிறுபான்மை என்று கேட்க வேண்டும். கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

1882 முதல் 1968 வரை பதிவானவை மட்டும் 4,742 கும்பல் கொலைகள். செனட்டே 2005இல் மன்னிப்புக் கேட்டுப் போட்ட தீர்மானத்தில் உள்ள எண் இது. 1900இல் வட கரோலினாவின் ஜார்ஜ் ஹென்றி வைட், அன்று காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பர், கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க மசோதா கொண்டுவந்தார். கமிட்டியில் செத்தது. அடுத்த ஆண்டு அவர் வெளியேறினார். 1922 ஜனவரியில் டயர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் ஃபிலிபஸ்டர், டிசம்பரில் கைவிட்டார்கள். 1935இல் மறுபடி, 1938இல் மறுபடி. 1938இல் தெற்கத்திய செனட்டர்கள் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் பேசினார்கள். சுமார் 200 மசோதாக்கள் வந்து போயின. மூன்று முறை கீழ்சபை நிறைவேற்றியது. பெரும்பான்மை இல்லாததால் தோற்கவில்லை தோழர்களே, பெரும்பான்மையை ஓட்டுப் போடவிடாததால் தோற்றது. எம்மெட் டில் பெயரிலான கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச் 29. வைட் மசோதா கொண்டுவந்து 122 வருஷம்.

இப்போது விடுதித் தம்பியின் வீடியோவுக்கு வருவோம்.

ஊடகம் இந்தக் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 1892 மார்ச்சில் மெம்ஃபிஸில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பர்களைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. பக்கத்து வெள்ளையர் கடைக்கு வியாபாரம் போனதுதான் மூலக் காரணம். அவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸின் நெருங்கிய நண்பர். வெல்ஸ் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியர், பங்குதாரர். பெண்களைக் காக்கத்தான் கொல்கிறோம் என்பது பொய் என்று எழுதினார். அவர் வெளியூர் போயிருந்தபோது பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் நாசமாக்கியது. ஊருக்குத் திரும்பினால் உயிர் போகும் என்ற நிலை. நியூயார்க்கிலிருந்து எழுதினார். அவர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு: கொலைகளின் எண்ணிக்கைக்கு வெள்ளையர் பத்திரிகையான சிகாகோ ட்ரிப்யூன் வெளியிட்ட பட்டியலையே எடுத்தார். உங்கள் கணக்கு, உங்கள் காரணம், இரண்டும் பொருந்தவில்லை பாருங்கள் என்று காட்டினார். பெரும்பாலான கொலைகளில் பாலியல் குற்றச்சாட்டே இல்லை. கும்பல் கொலைகளை இப்படி எண்ணிப் போட்ட பட்டியல்கள் பிற்பாடு மசோதாக்களுக்குக் கைப்பொருளாயின.

டிவி வந்தது. மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம். அதைப் பார்க்கும் பகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காடு கறுப்பர்கள். 1955இல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தர்குட் மார்ஷல் தோன்றியபோது திரையில் ஓர் அட்டை வந்தது: கேபிளில் கோளாறு, மன்னிக்கவும். நம் ஊரில் முக்கியமான நேரத்தில் கரண்ட் போவது மாதிரி. புகார் கொடுத்தால் யாரும் கேட்கவில்லை. 1964 மார்ச்சில், எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வாரம் முழுக்க வீட்டுக்குள் ரகசியமாக உட்கார்ந்து நிகழ்ச்சிகளைக் குறிப்பெடுக்க வைத்தார். யார் வந்தார்கள், எத்தனை நிமிடம், என்ன மரியாதையில் அழைத்தார்கள். அந்தக் குறிப்புகளோடு லைசென்ஸைப் புதுப்பிக்கக்கூடாது என்று மனு. ஒளிபரப்பு ஆணையம் சொன்னது: நீங்கள் வெறும் பார்வையாளர்கள், உங்களுக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லை, மனுப் போட உரிமை கிடையாது. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்வையாளருக்கும் உரிமை உண்டு என்றது, 1969இல் லைசென்ஸையே ரத்து செய்தது. 1972இல் அதே நிலையத்தின் பொது மேலாளராக ஒரு கறுப்பர் வந்தார். எனக்கு மிகவும் பிடித்த போராட்டம் இது. தெருவில் ஓர் ஊர்வலம்கூட இல்லை. பென்சில், தாள், ஒரு வாரம் பொறுமை.

ஹேமர் கேமரா முன் வந்தது 1964 ஆகஸ்ட் 22. ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. மிசிசிப்பியின் வெள்ளையர் குழு செல்லாது, எல்லோருக்கும் திறந்த எங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சிக் குழுவை உட்கார வையுங்கள் என்று ஹேமர் தகுதிக் கமிட்டி முன் சாட்சி சொன்னார். தன் முகவரியைச் சொல்லிவிட்டு, செனட்டர் ஈஸ்ட்லாண்டின் ஊரான சன்ஃப்ளவர் கவுண்டி என்று சேர்த்துச் சொன்னார். பிறகு வினோனா சிறையில் 1963இல் தன்னை அடித்ததை விவரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று பத்திரிகையாளர் சந்திப்பு அறிவித்தார். கேமராக்கள் வெள்ளை மாளிகைக்குத் திரும்பின. அங்கே அவர் சொன்னதில் செய்தி எதுவும் இல்லை. திருப்பியது மட்டும்தான் நோக்கம். ஆனால் அன்று இரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை எடுத்துப் போட்டன. நாடே பார்த்தது. தம்பி சொல்வது போல, வைரல்.

கிடைத்தது என்ன? இரண்டு நாற்காலி. அதுவும் மிசிசிப்பிக்கு என்று இல்லை, பொதுவில். யார் உட்கார்வது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்களாம். மறுத்துவிட்டுத் திரும்பினார்கள். நாடே அழுதபடி பார்த்த காட்சி ஒரு கமிட்டியின் கணக்கை மாற்றவில்லை.

அடுத்த ஆண்டு செல்மா. 1965 பிப்ரவரி 18 இரவு, பக்கத்து ஊரான மேரியனில் ஊர்வலத்தின் மேல் போலீஸ் பாய்ந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, கேமரா லென்ஸ்களில் பெயின்ட் அடித்தார்கள், என்.பி.சி. செய்தியாளரின் மண்டையை உடைத்தார்கள். ஜிம்மி லீ ஜாக்சன் சுடப்பட்டு எட்டு நாளில் இறந்தார். படம் இல்லை. அவர் சாவுக்கு நீதி கேட்டுத்தான் மார்ச் 7 பகலில் செல்மா பாலத்தில் நடந்தார்கள். அன்று படம் இருந்தது. அன்று இரவு ஏ.பி.சி. தொலைக்காட்சி, நாஜி விசாரணையைப் பற்றிய 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்' படத்தை நிறுத்தி அந்தக் காட்சியைக் காட்டியது. ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம்.

படம்தான் சட்டம் கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம், பலர் சொல்கிறார்கள். அட்லாண்டிக் சிட்டியிலும் படம் இருந்தது. அப்போது ஏன் வரவில்லை? நடுவில் 1964 நவம்பர் தேர்தல் நடந்தது, ஜான்சன் பெரும் பெரும்பான்மையோடு வந்தார். டிசம்பரிலேயே மசோதா வரைவைத் தொடங்கச் சொல்லியிருந்தார். அதற்கு முன்பே, 1964இன் குடியுரிமைச் சட்டத்தை ஈஸ்ட்லாண்டின் கமிட்டிக்கு அனுப்பாமல் நேராக சபைப் பட்டியலில் ஏற்றும் வித்தையைச் செனட் தலைவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்காக வாரக்கணக்கில் ஃபிலிபஸ்டர் ஓடியபோது, செனட்டுக்குள் கேமரா அனுமதி இல்லாததால், சி.பி.எஸ். செய்தியாளர் ரோஜர் மட் வெளியே படிக்கட்டில் நின்று நாளுக்குப் பலமுறை இன்னும் பேசுகிறார்கள், இன்னும் பேசுகிறார்கள் என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காணாத விதியைக் காட்சியாக்கினார். 1964 ஜூன் 10, 71க்கு 29. குடியுரிமை மசோதா ஒன்றில் ஃபிலிபஸ்டர் உடைந்தது அதுவே முதல்முறை. மூளைக் கட்டியால் பேச முடியாத கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி ஓட்டளித்தார். ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் கண், சபையில் 'ஐ' என்றால் ஆம். 1965இல் வாக்குரிமை மசோதாவை ஈஸ்ட்லாண்டிடம் கொடுத்தார்கள், ஆனால் ஏப்ரல் 9க்குள் திருப்பித் தர வேண்டும் என்று சபை கெடு வைத்துக் கொடுத்தது. கால்சட்டைப் பை வேலை செய்யவில்லை.

1965இல் மிசிசிப்பியில் ஓட்டுரிமை பெற்ற கறுப்பர்கள் 6.7 விழுக்காடு. 1967இல் 59.8. இரண்டே ஆண்டு. மக்களுக்கு ஆர்வம் இல்லை, விழிப்புணர்வு இல்லை என்றெல்லாம் எழுபது வருஷமாகச் சொன்னவர்களுக்கு இந்த எண் போதும். சன்ஃப்ளவர் கவுண்டி இருக்கும் டெல்டா பகுதி 1986இல் மைக் எஸ்பியைக் காங்கிரஸுக்கு அனுப்பியது. நூறாண்டுக்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து போன முதல் கறுப்பர். ஹேமர் அதைப் பார்க்கவில்லை, 1977இல் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டு. அனுதாபம் கேட்டு எழுதவில்லை, உணர்ச்சிகரமாகவும் எழுதவில்லை. மனு எந்த வடிவில் இருக்கிறது, யாரிடம் கொடுத்தார்கள், நாமும் போட முடியுமா என்று பார்க்கிற வக்கீலின் கடிதம் அது.

கதை 1965இல் நிற்கவில்லை. வாக்குரிமைச் சட்டத்தின் பல் ஐந்தாம் பிரிவு: பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கெடுதல் நடந்த பிறகு வழக்குப் போடுவது அல்ல, நடப்பதற்கு முன் தடுப்பது. 2013 ஜூன் 25, ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எந்த மாநிலங்களுக்கு அது பொருந்தும் என்ற சூத்திரத்தைச் செல்லாது என்றது. நிலைமை மாறிவிட்டது என்பது வாதம். மழையில் நனையவில்லையே என்று குடையைத் தூக்கி எறிவது போல இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அன்றைக்கே டெக்சாஸ் தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு வட கரோலினா போட்ட சட்டத்தை, கறுப்பு வாக்காளர்களைக் குறிபார்த்து அறுவை செய்தது போல எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று வருஷம், இடையில் ஒரு தேர்தல்.

சூத்திரத்தைப் புதிதாக எழுதினால் சட்டம் உயிர் பெறும். செல்மா பாலத்தில் மண்டை உடைந்த ஜான் லூயிஸின் பெயரில் மசோதா வந்தது, 2021 ஆகஸ்டில் கீழ்சபை நிறைவேற்றியது. செனட்டில் 60 பேர் இல்லை. இந்த மசோதாவுக்கு மட்டுமாவது ஃபிலிபஸ்டர் விதியைத் தளர்த்தலாமா என்று 2022 ஜனவரி 19 இரவு ஓட்டெடுப்பு. 48 பேர் தளர்த்தலாம், 52 பேர் கூடாது. ஈஸ்ட்லாண்டுகள் நின்று பேசியாவது தடுக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரோம் தர்மண்ட் 1957இல் 24 மணி நேரம் 18 நிமிடம் நின்றார். இப்போது நிற்கவும் வேண்டாம், தடுக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும்.

அந்த இரவு ஓட்டெடுப்பை நேரலையில் பார்த்தேன். நம் ஊரில் காலை. செனட்டுக்குள் இப்போது கேமரா உண்டு, 1986 முதல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆளாளாகப் பெயர் கூப்பிட்டார்கள், ஆளாளாகச் சொன்னார்கள். அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ரத்தம் இல்லை, தடியடி இல்லை, வெட்டி எடுத்துப் போடுகிற மாதிரி முப்பது விநாடி அதில் எங்குமே இல்லை. விடுதித் தம்பிக்கு அந்த இணைப்பை அனுப்பினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒண்ணுமே நடக்கலையே" என்று எழுதினார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நேரம் இருக்கிறது.